கைப்பேசி ஒப்பீடு: உச்ச எண்களும் அன்றாடப் பயனும்

இரண்டு ஸ்மார்ட்போன்களை அருகருகே நிறுத்தி ஒப்பிடும் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. திரையின் அளவு, சிப்பின் பெயர், ரேம், கேமராவின் மெகாபிக்சல், பேட்டரியின் கொள்ளளவு, சார்ஜரின் வாட் என்று எண்கள் வரிசையாக வரும். எந்தப் பக்கம் பெரிய எண் இருக்கிறதோ அந்தப் பக்கம் வென்றதாகக் கொள்ளப்படும். அந்த எண்களில் பொய்யென்று தள்ளத்தக்கவை குறைவுதான். ஆனால் அவற்றில் பல, ஒரு கருவி தனக்கு மிகச் சாதகமான சூழலில் தொடக்கூடிய உச்சத்தை மட்டுமே சொல்கின்றன. நாம் கைப்பேசியைப் பயன்படுத்தும் நேரமோ பெரும்பாலும் அப்படிப்பட்டதன்று. நண்பகல் வெயிலில் முகவரி தேடும்போதும், ஈரம் உலராத விரலால் பூட்டைத் திறக்க முயலும்போதும், ஓரிடத்தில் நில்லாத குழந்தையைப் படம்பிடிக்கும்போதும், மாலையில் பேட்டரி 15 விழுக்காட்டுக்கு இறங்கிய பிறகு ஒரு நீண்ட அழைப்பு வரும்போதும்தான் ஒரு கைப்பேசிக்கும் அதன் போட்டியாளருக்கும் உள்ள வேறுபாடு உண்மையில் உறைக்கிறது. ஆகவே நிறை குறைகளைச் சாதகமற்ற தருணங்களில் வைத்துப் பார்ப்பதே பயனுள்ளது என்பது என் கருத்து. அப்படிப் பார்க்கும்போது, ஒரு கைப்பேசியின் நிறையும் குறையும் பல இடங்களில் ஒரே வடிவமைப்பு முடிவிலிருந்து பிறந்தவை என்பதும் தெளிவாகிறது.

திரையை எடுத்துக்கொள்வோம். உயர்விலைக் கைப்பேசிகள் பலவும் 2,000 நிட்டும் (நிட் என்பது ஒளிர்வை அளக்கும் அலகு) அதற்கு மேலுமான உச்ச ஒளிர்வை விளம்பரத்தில் சொல்கின்றன. அந்த உச்சம் திரையின் ஒரு சிறு பகுதியில், வெளிச்ச உணரி கடும் வெயிலை உணர்ந்த பிறகு, சிறிது நேரம் மட்டுமே கிடைப்பது. திரை முழுவதும் வெண்மையாக இருக்கும் ஒரு மின்னஞ்சலையோ வரைபடத்தையோ காட்டும்போது கிடைக்கும் ஒளிர்வு அதைவிட வெகுவாகக் குறைவு. அது மட்டுமன்று, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை பேரொளியுடன் எரியும்போது சூடேறுகிறது. சூடு ஒரு வரம்பைத் தாண்டினால் கருவி தன்னைக் காத்துக்கொள்ள ஒளிர்வைத் தானாகவே குறைத்துவிடுகிறது. வண்டியின் முகப்பில் பொருத்தி வழிகாட்டும் வரைபடத்தைப் பார்த்தபடி செல்பவருக்கு, விளம்பர எண் 3,000 நிட்டா 2,000 நிட்டா என்பதைவிட, அரை மணி நேரம் வெயிலில் இருந்த பிறகும் எந்தத் திரையைப் படிக்க முடிகிறது என்பதுதான் முக்கியம்.

திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதில் ஐபோனும் ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளும் நெடுங்காலம் வேறுபட்டு நின்றன. ஐபோன்களில் 120 ஹெர்ட்ஸ் திரை 2021-இல் 13 புரோ மாடலில்தான் முதலில் வந்தது. புரோ அல்லாத அடிப்படை ஐபோனுக்கு அது 2025-இல், ஐபோன் 17-இல்தான் கிடைத்தது. நடுத்தர விலை ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளில் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது இருந்தது. இதைப் பெரிய குறையாகச் சொல்வோரும் உண்டு, பொருட்படுத்தாதோரும் உண்டு. நீண்ட பக்கங்களை உருட்டிப் படிப்பவருக்குத்தான் வேறுபாடு தெளிவாகத் தெரியும். இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது திரையின் நுண்ணிய துடிப்பு. ஓஎல்இடி திரைகள் பல, ஒளிர்வைக் குறைக்கும்போது வெளிச்சத்தை மிக வேகமாக அணைத்து ஏற்றுகின்றன. கண்ணுக்கு அது புலப்படாவிட்டாலும், இருட்டில் நெடுநேரம் படிக்கும் சிலருக்குக் கண்சோர்வும் தலைவலியும் வருகின்றன. சில கைப்பேசிகளில் இந்தத் துடிப்பு நொடிக்கு 240 அல்லது 480 முறை என்ற அளவில் இருக்க, ஹானர் போன்ற சில தயாரிப்பாளர்கள் அதை 3,840-க்கும் அதற்கு மேலும் உயர்த்தியிருக்கிறார்கள். இது எல்லாரையும் பாதிப்பதன்று. ஆனால் பாதிக்கப்படுபவருக்கு மற்ற எல்லா நிறைகளும் இதன்முன் பயனற்றவை. வாங்குவதற்குமுன் இருட்டறையில் கொஞ்ச நேரம் படித்துப் பார்ப்பதைத் தவிர இதை அறிய வேறு வழியில்லை.

சிப்பின் வேகத்தைப் பற்றி எழுதப்படுவது மிகுதி, அன்றாடத்தில் அது உணரப்படுவது குறைவு. செய்தி அனுப்புவதற்கும் பணம் செலுத்துவதற்கும் வீடியோ பார்ப்பதற்கும் இன்றைய நடுத்தர சிப்பே போதும். வேறுபாடு தெரிவது சூட்டில். 2021 இறுதியில் அறிமுகமான குவால்காமின் ஸ்நாப்டிராகன் 8 ஜென் 1 சிப்பை சாம்சங்கின் ஆலை தயாரித்தது; அதைக் கொண்ட கைப்பேசிகள் கனமான வேலையின்போது சூடேறி வேகம் இழந்தன என்ற குறை பரவலாக எழுந்தது. ஏறக்குறைய அதே வடிவமைப்பை 2022-இல் தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் தயாரித்து 8 பிளஸ் ஜென் 1 என்ற பெயரில் வெளியிட்டபோது, மின்செலவும் சூடும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. விவரப் பட்டியலில் இரண்டுக்கும் இடையே தெரிவது ஒரு கூட்டல் குறி மட்டுமே. சாம்சங் கேலக்ஸி எஸ்24 மாடலிலும் இத்தகைய நுணுக்கம் உண்டு: சில சந்தைகளில் அது ஸ்நாப்டிராகன் சிப்புடனும், வேறு பல சந்தைகளில் சாம்சங்கின் சொந்த எக்ஸினோஸ் சிப்புடனும் விற்கப்பட்டது. ஒரு சந்தையின் மதிப்புரையைப் படித்துவிட்டு இன்னொரு சந்தையில் வாங்குபவர், தாம் படித்த கருவியையே வாங்குவதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

வேகத்தை அளக்கும் சோதனைச் செயலிகளின் மதிப்பெண்களையும் இந்த எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும். 2018-இல் ஹுவாவேயின் பி20 உள்ளிட்ட சில மாடல்கள் சோதனைச் செயலியை அடையாளம் கண்டு, அப்போது மட்டும் கூடுதல் வேகத்தில் இயங்கியது தெரியவந்ததால், யூஎல் நிறுவனம் அவற்றைத் தன் 3டிமார்க் தரவரிசையிலிருந்து நீக்கியது. 2022-இல் சாம்சங்கின் விளையாட்டு மேம்பாட்டுச் சேவை பல செயலிகளின் வேகத்தை மட்டுப்படுத்திவிட்டுச் சோதனைச் செயலிகளை விட்டுவைத்ததாகக் கண்டறியப்பட்டு, கேலக்ஸி எஸ்10 முதல் எஸ்22 வரையிலான வரிசைகளை கீக்பெஞ்ச் என்ற சோதனைச் செயலி தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வேகத்தை மட்டுப்படுத்தியதை நான் தவறென்று சொல்லமாட்டேன். கையில் பிடிக்கும் கருவி சூடேறாமல் காப்பது நல்ல பொறியியல். அதை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டதுதான் தவறு. பின்னர் சாம்சங் அந்தக் கட்டுப்பாட்டைப் பயனரே தேர்ந்துகொள்ளும்படி புதுப்பிப்பு வெளியிட்டது.

குறைந்த விலைக் கைப்பேசிகளில் கவனிக்க வேண்டியது சிப்பைவிடச் சேமிப்பகம். பழைய இஎம்எம்சி வகைச் சேமிப்பகம் கொண்ட கருவி, வாங்கிய புதிதில் நன்றாக இயங்கி, நினைவகம் நிரம்ப நிரம்பத் தடுமாறத் தொடங்கும். யூஎஃப்எஸ் வகை இதில் வெகுவாக மேம்பட்டது. ‘8 ஜிபி கூடுதல் 8 ஜிபி’ என்று விளம்பரத்தில் காட்டப்படும் ரேமில் பின்பாதி, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய இடமேயன்றி உண்மையான ரேம் அன்று.

பேட்டரிதான் இந்த ஒப்பீட்டின் மையம் என்று நான் நினைக்கிறேன். மற்றக் குறைகளோடு எப்படியாவது வாழ்ந்துவிடலாம், அணைந்துபோன கைப்பேசியோடு எதுவும் செய்ய முடியாது. கொள்ளளவு எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் ஐபோன் 15-இன் 3,349 மில்லி ஆம்பியர் மணி, கேலக்ஸி எஸ்24-இன் 4,000-க்கும், ஒன்பிளஸ் 13-இன் 6,000-க்கும் மிகவும் பின்தங்கியது. ஆனால் ஒரு நாள் முழுவதும் தாக்குப்பிடிப்பது கொள்ளளவை மட்டும் பொறுத்ததன்று. திரை எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது, இயங்குதளம் பின்னணியில் எத்தனை செயலிகளை விழித்திருக்க விடுகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக சிக்னலைக் கையாளும் மோடம் எப்படி நடந்துகொள்கிறது என்பவையும் அதில் சேர்கின்றன. சிக்னல் பலவீனமான இடத்தில் கைப்பேசி கோபுரத்தை எட்டுவதற்குக் கூடுதல் ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது. அதனால்தான் வீட்டு வைஃபையில் இரவு வரை தாங்கும் அதே கருவி, பயணத்தின்போது பிற்பகலிலேயே சோர்ந்துவிடுகிறது. சோதனைக்கூடத்தில் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டி எடுக்கப்படும் மணிக்கணக்கு இதைக் காட்டாது.

பெரிய பேட்டரிகளைச் சாத்தியமாக்கியது சிலிக்கன்-கார்பன் நுட்பம். வழக்கமான லித்தியம்-அயன் பேட்டரியின் எதிர்மின்முனையில் கிராஃபைட் இருக்கும். அதே எடையில் சிலிக்கன் பன்மடங்கு லித்தியத்தை ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஏற்றுக்கொள்ளும்போது ஏறக்குறைய மூன்று மடங்கு விரிந்து, திரும்பத் திரும்ப விரிந்து சுருங்குவதால் சிதைந்தும் போகும். கார்பனுடன் கலந்து அந்த விரிவைக் கட்டுப்படுத்தும் முறையை 2023-இல் ஹானர் தன் மேஜிக்5 புரோவின் சீனப் பதிப்பில் பயன்படுத்தியது. அதன்பின் சீனத் தயாரிப்பாளர்கள் பலர் அதைப் பின்பற்றி, கைப்பேசியின் தடிமனைக் கூட்டாமலேயே 6,000-ஐத் தாண்டினார்கள். நாள் முழுவதும் வெளியில் அலைபவர்களுக்கு இது மறுக்க முடியாத நிறை.

பேட்டரியின் மறுபக்கம் அதன் முதுமை. எல்லா லித்தியம்-அயன் பேட்டரிகளும் தேய்கின்றன. எவ்வளவு விரைவாக என்பதில்தான் வேறுபாடு. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் 80 விழுக்காட்டுக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று சொல்லிவந்த ஆப்பிள், ஐபோன் 15 முதல் அந்த எண்ணிக்கையை 1,000 ஆக்கியது. நாளும் ஒரு முழுச் சுற்றுச் சார்ஜ் செய்பவருக்கு 500 சுற்று என்பது ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு. தேய்ந்த பேட்டரியின் விளைவு, சார்ஜ் சீக்கிரம் தீர்வதோடு நிற்பதில்லை. பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோவதைத் தடுப்பதற்காக அவற்றின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. 2018-இல் வந்த, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11.3-இல்தான் பேட்டரியின் நலத்தைப் பயனரே பார்க்கும் வசதி வந்தது. கூகுளும் 2025 ஜூலையில் பிக்சல் 6ஏ மாடலின் சில கருவிகளுக்கு, பேட்டரி சூடேறும் அபாயத்தைக் குறைக்கவென்று, 400 சுற்றுகளுக்குப்பின் கொள்ளளவையும் சார்ஜ் வேகத்தையும் குறைக்கும் கட்டாயப் புதுப்பிப்பை அனுப்பியது. பேட்டரியைக் கடும் சூட்டிலும் நூறு விழுக்காட்டுச் சார்ஜிலும் நெடுநேரம் வைத்திருப்பதே அதை விரைவில் தேய்க்கிறது. 80 விழுக்காட்டில் சார்ஜை நிறுத்தும் வசதி ஒரு கைப்பேசியில் இருக்கிறதா என்பதை, நெடுநாள் வைத்திருக்க விரும்புபவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சார்ஜ் வேகத்தில் சீனக் கைப்பேசிகள் வெகுதூரம் முன்னே நிற்கின்றன. 80 வாட், 120 வாட் என்ற அளவுகளில், குளித்து உடை மாற்றும் நேரத்திற்குள் பேட்டரியின் பெரும்பகுதி நிரம்பிவிடுகிறது. இந்த வசதிக்குப் பழகியவர் திரும்பிப் போவது கடினம். ஆனால் அந்த வேகம் அந்தந்த நிறுவனத்தின் சொந்த சார்ஜரிலும் கேபிளிலும்தான் முழுமையாகக் கிடைக்கும். ஓப்போ, ஒன்பிளஸ் நிறுவனங்களின் சூப்பர்வூக் போன்ற வேகச் சார்ஜ் முறைகளில் இயங்கும் கருவியைப் பொதுவான சார்ஜரில் இணைத்தால் வேகம் பெரிதும் குறையும். சார்ஜரை வீட்டில் மறந்துவிட்டு வந்தவருக்கு, மெதுவான ஆனால் பொது முறையைப் பின்பற்றும் ஐபோனும் கேலக்ஸியும் எங்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வது ஆறுதலளிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சார்ஜர் விதி 2024 டிசம்பர் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னதாகவே, 2012-இலிருந்து வைத்திருந்த லைட்னிங் முனையைக் கைவிட்டு, 2023-இல் ஐபோன் 15-இல் ஆப்பிள் யூஎஸ்பி-சி-க்கு மாறியது. முனை ஒன்றானாலும் உள்ளே இருப்பது ஒன்றன்று: அடிப்படை ஐபோன் 15 அந்த முனை வழியாக நொடிக்கு 480 மெகாபிட் மட்டுமே அனுப்பும், புரோ மாடல் 10 கிகாபிட் வரை அனுப்பும்.

கேமரா ஒப்பீடுகள் பெரும்பாலும் அசையாத காட்சிகளை வைத்தே செய்யப்படுகின்றன. அசையாத காட்சியில் இன்று எந்த உயர்விலைக் கைப்பேசியும் மோசமான படம் எடுப்பதில்லை. 2023-இன் கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவில் உள்ள 200 மெகாபிக்சல் உணரி, வழக்கமான படத்திற்குப் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஏறக்குறைய 12 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. முழு 200-ஐயும் பயன்படுத்தும் முறை நல்ல வெளிச்சத்தில், அசையாத காட்சிக்கு மட்டும் பொருந்தும். மெகாபிக்சலைவிட உணரியின் பரப்பளவு முக்கியம் என்பதை உணர்ந்து, சியோமி தன் அல்ட்ரா வரிசையில் ‘1 அங்குல வகை’ என்று அழைக்கப்படும் பெரிய உணரியைப் பொருத்தியது. வெளிச்சம் குறைந்த இடத்தில் அதன் பலன் கண்கூடு. ஆனால் பெரிய உணரி குவியத்தின் ஆழத்தைக் குறைக்கிறது: ஓர் ஆவணத்தை அருகில் வைத்துப் படமெடுத்தால் நடுவில் எழுத்துகள் கூர்மையாகவும் ஓரங்களில் மங்கலாகவும் விழும். ஓவியம்போன்ற முகப்படம் தரும் அதே பண்பு, ரசீதைப் படமெடுக்கும்போது குறையாகிவிடுகிறது.

இரவுப் படங்களில் கைப்பேசி, அடுத்தடுத்து எடுத்த பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குகிறது. கூகுள் 2018-இல் கொண்டுவந்த நைட் சைட் இந்த முறையை எல்லாரிடமும் கொண்டு சேர்த்தது. பல நொடிகள் அசையாமல் நிற்கும் கட்டடத்திற்கு இது அற்புதமாகப் பொருந்தும்; மங்கிய அறையில் ஓடும் குழந்தைக்குப் பொருந்தாது. அங்கே தேவைப்படுவது, பொத்தானை அழுத்திய கணத்தையே பிடிக்கும் விரைவும், சற்று இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை என்று குறைந்த நேர ஷட்டரைத் தேர்ந்தெடுக்கும் துணிவும். இந்தத் தேர்வை ஒவ்வொரு நிறுவனத்தின் மென்பொருளும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. சாம்சங் கைப்பேசிகள் அசையும் உருவங்களை மங்கலாக்குகின்றன என்பது மதிப்புரையாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டிவந்த குறை. ஐபோன்களும் கூகுள் பிக்சல்களும் இதில் பொதுவாக நம்பகமானவை என்று பெயர் பெற்றாலும், ஐபோனில் இரவு விளக்குகளின் பிம்பம் பச்சைப் புள்ளிகளாகப் படத்தின் எதிர்ப்பக்கத்தில் விழுவது பல தலைமுறைகளாகத் தொடர்கிறது. வீடியோவில் ஐபோனின் நிதானமான தரத்தையும், சமூக ஊடகச் செயலிகளின் உள்ளேயே படமெடுக்கும்போது அது தரும் சீர்மையையும் ஆண்ட்ராய்டுக் கருவிகள் நெடுநாள் எட்டவில்லை. மாடல்கள் சிலவாக இருப்பதால் செயலி உருவாக்குவோர் ஐபோனுக்கென்று சரிசெய்வது எளிது என்பது அதற்கு ஒரு காரணம்.

படம் உண்மைக்கு எவ்வளவு நெருக்கமானது என்ற கேள்வியும் இருக்கிறது. 2023-இல் சாம்சங் கைப்பேசி, வேண்டுமென்றே மங்கலாக்கப்பட்ட நிலவின் படத்தைத் திரையில் காட்டியபோதும் அதில் இல்லாத பள்ளங்களையும் மேடுகளையும் சேர்த்துத் தந்ததை ஒருவர் சோதித்துக் காட்டினார். நிலவை அடையாளம் கண்டு விவரங்களை மேம்படுத்தும் செயற்கை நுண்ணறிவு அதில் இயங்குவதாக நிறுவனம் விளக்கம் அளித்தது. நிலவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது முகம். கருமையான தோல் நிறத்தைத் தேவையின்றி வெளுக்கச் செய்யும் பழக்கம் கைப்பேசிக் கேமராக்களில் ஆழமாக ஊறியிருந்தது. 2021-இல் பிக்சல் 6 உடன் வந்த ரியல் டோன், பல்வேறு நிறத்தினரின் படங்களைக் கொண்டு கேமராவைப் பயிற்றுவித்து அந்தத் தவறைத் திருத்த முனைந்தது. தன் முகத்தைத் தன் நிறத்தில் காட்டும் கேமராவை எதிர்பார்ப்பது மிகையான ஆசையன்று. கடையில் படமெடுத்துப் பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பூட்டைத் திறக்கும் முறை ஒரு நாளில் பலமுறை நடப்பது என்பதால், அதன் சிறு குறையும் பெரிதாகிறது. 2017-இல் வந்த ஆப்பிளின் ஃபேஸ் ஐடி இருட்டிலும் வேலை செய்யும்; மேசைமேல் கிடத்திய நிலையில் திறக்கக் குனிந்து பார்க்க வேண்டும். முகக்கவசத்துடன் திறக்கும் வசதி 2022 மார்ச்சில்தான் வந்தது. திரைக்குள் பதித்த விரல்ரேகை உணரிகளில், ஒளியால் படிப்பவை ஈரவிரலில் அடிக்கடி தோற்கின்றன, மீயொலியால் படிப்பவை ஓரளவு தாங்குகின்றன. ஆனால் மீயொலி உணரி திரைமேல் ஒட்டும் காப்புத்தாளைப் பொறுத்து மாறும். 2019-இல் கேலக்ஸி எஸ்10-இல் சில சிலிகோன் உறைகளை மாட்டியபோது பிறர் விரலுக்கும் பூட்டு திறந்ததால், சாம்சங் அவசரமாகத் திருத்தம் அனுப்ப நேர்ந்தது. பல ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளின் முகத்திறப்பு வெறும் முன்கேமராவை மட்டும் நம்புவது. வங்கிச் செயலிகள் பொதுவாக அதை ஏற்பதில்லை.

நீர் புகாத் தன்மையில் பெரும்பாலான நிறுவனங்கள் தம் உயர்விலை மாடல்களில் ஐபி68 என்ற ஒரே எழுத்துகளை அச்சிடுகின்றன. அந்தத் தரத்தில் ஆழத்தைத் தயாரிப்பாளரே அறிவிக்கலாம்: சாம்சங் 1.5 மீட்டரில் 30 நிமிடம் என்கிறது, ஐபோன் 12 முதல் ஆப்பிள் 6 மீட்டரில் 30 நிமிடம் என்கிறது. இரண்டும் நன்னீரில், புதிய கருவியில் செய்த சோதனைகள். கடல்நீரையும் சோப்பு நீரையும், ஒருமுறை கீழே விழுந்து விளிம்பு நெகிழ்ந்த கருவியையும் அவை கணக்கில் கொள்ளவில்லை. நீரால் வரும் பழுது பொதுவாக உத்தரவாதத்தில் அடங்குவதும் இல்லை. நீச்சல்குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்று தோன்றும்படி விளம்பரம் செய்ததற்காக சாம்சங்கின் ஆஸ்திரேலியக் கிளைக்கு 2022-இல் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நீர்த்தாங்கும் விளம்பரம் தொடர்பாக இத்தாலியின் போட்டி ஆணையம் 2020-இல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ விதித்தது.

மென்பொருள் ஆதரவில் நிலைமை அண்மையில் பெரிதும் மாறியிருக்கிறது. ஆண்ட்ராய்டுக் கைப்பேசி வாங்கினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் புதுப்பிப்பு நின்றுவிடும் என்பது ஒரு காலத்தில் உண்மை. 2023 அக்டோபரில் கூகுள் பிக்சல் 8-க்கும், 2024 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழாண்டுப் புதுப்பிப்பு உறுதியளிக்கப்பட்டது. ஆப்பிள் அவ்வளவு நீண்ட உறுதியை எழுத்தில் தருவதில்லை என்றாலும் செயலில் காட்டியிருக்கிறது: 2013-இல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தது. இங்கே வாங்குபவர்கள் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. ஏழாண்டு என்பது மாடல் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுவது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அன்று. விலை குறைந்த பிறகு, வெளியாகி இரண்டாண்டு கழித்து வாங்குபவருக்கு ஐந்தாண்டே மிஞ்சும். நடுத்தர, குறைந்த விலை மாடல்களுக்கு இதே நிறுவனங்களில் பலவும் இன்னும் குறுகிய காலமே தருகின்றன. புதுப்பிப்பு வருவதால் எல்லாப் புதிய வசதியும் வந்துவிடும் என்றும் கொள்ள முடியாது: ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதிகள் ஐபோன் 15 புரோவுக்குக் கிடைத்தன, அதே நாளில் விற்பனைக்கு வந்த ஐபோன் 15-க்குக் கிடைக்கவில்லை.

ஆண்ட்ராய்டின் சுதந்திரம் உண்மையான நிறை. கோப்புகளைக் கணினியில் கையாள்வதுபோல் கையாளலாம், வேறிடத்திலிருந்து செயலிகளை நிறுவலாம், முகப்பையே மாற்றியமைக்கலாம். அந்தச் சுதந்திரம் தயாரிப்பாளருக்கும் இருக்கிறது என்பதில்தான் குறை தொடங்குகிறது. பேட்டரியை மிச்சப்படுத்தவென்று பின்னணிச் செயலிகளைக் கடுமையாக நிறுத்திவிடும் கைப்பேசிகள் சிலவற்றில், செய்திகள் தாமதமாக வருகின்றன, நினைவூட்டல்கள் ஒலிக்காமல் போகின்றன, நடைக்கணக்கு பாதியில் நின்றுவிடுகிறது. மருந்து நேரத்தை நினைவூட்டும் செயலியை நம்பியிருக்கும் முதியவருக்கு இதைவிடப் பெரிய குறை வேறு என்ன இருக்க முடியும்? அமைப்புகளுக்குள் சென்று ஒவ்வொரு செயலிக்கும் விலக்கு அளிக்கலாம். அதைச் செய்துதர ஆள் இல்லாதவருக்கு அப்படிப்பட்ட கருவியை நான் பரிந்துரைக்கமாட்டேன். குறைந்த விலைக் கைப்பேசிகளின் அமைப்புத் திரைகளிலேயே விளம்பரங்கள் தோன்றுவதும் இதே வகை. ஐபோனில் இவை அரிது. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், பிற செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர ஒரு செயலி அனுமதி கேட்டாக வேண்டும். அதற்கு ஈடாக, எந்தச் செயலியை எங்கிருந்து நிறுவலாம் என்ற முடிவை, 2024 முதல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தால் தளர்ந்தது போன்ற சில இடங்கள் நீங்கலாக, ஆப்பிளே வைத்துக்கொண்டிருக்கிறது.

பழுதுபார்ப்பில் நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் தனித்து நிற்கிறது. 2023-இல் வந்த ஃபேர்ஃபோன் 5-இன் பின்மூடியைக் கையாலேயே கழற்றிப் பேட்டரியை மாற்றலாம். திரை, கேமரா போன்றவற்றைச் சாதாரணத் திருப்புளியால் மாற்றலாம். அந்த வசதிக்காக அது விட்டுக்கொடுத்தவை சில: உடல் தடிமன் கூடியது, நீர்காப்பு ஐபி55 அளவிலேயே நின்றது. பசையால் இறுக ஒட்டிய கைப்பேசி நீரை நன்றாகத் தடுக்கும், திறப்பதற்குச் சிரமப்படுத்தும். இரண்டையும் முழுமையாகத் தரும் வடிவமைப்பு அரிது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் கைப்பேசிகளுக்குக் கட்டாயமான முத்திரைச் சீட்டில், ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் இயங்கும், பேட்டரி எத்தனை சுற்றுத் தாங்கும், கீழே விழுவதை எவ்வளவு தாங்கும், பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பவை அச்சிடப்படுகின்றன. 800 சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காட்டுக் கொள்ளளவு இருக்க வேண்டும் என்பது அதனுடன் வந்த விதிகளில் ஒன்று. உலகில் எங்கு வாழ்பவரும் அதே மாடலை வாங்குமுன் அந்தச் சீட்டின் விவரங்களைத் தேடிப் பார்க்கலாம். சிப்பின் பெயரைவிட இந்த நான்கு விவரங்கள் மூன்றாண்டுக்குப் பிந்தைய நிலையைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறும் செலவையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே வாட்ஸ்அப் உரையாடல்களை முறையாக மாற்றும் வழி 2021-க்கு முன் இல்லை. ஐபோனிலிருந்து சாம்சங்குக்கு அந்த ஆண்டிலும், ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு 2022-இலும் அது திறந்தது. ஐபோனின் செய்திச் செயலி, குறுஞ்செய்திக்கு மாற்றாக வந்த ஆர்சிஎஸ் முறையை ஏற்றது 2024-இல் ஐஓஎஸ் 18-இல்தான். அதற்கு முன் இரு தரப்புக்கும் இடையே அனுப்பிய வீடியோக்கள் சிதைந்து போய்ச் சேர்ந்தன. ஆப்பிள் வாட்ச் ஐபோனுடன் மட்டுமே இணையும். சாம்சங்கின் கேலக்ஸி வாட்ச் 4-உம் அதற்குப் பிந்தையவையும் ஆண்ட்ராய்டுடன் மட்டுமே இணையும். ஆகவே கைக்கடிகாரம் வைத்திருப்பவர் கைப்பேசியை மட்டும் மாற்றிவிட முடியாது. பணம் கொடுத்து வாங்கிய செயலிகளை மறுபக்கத்தில் மீண்டும் வாங்க வேண்டியிருக்கும். இருகட்ட உறுதிப்படுத்தலுக்கான குறியீடுகளைப் பழைய கருவியை அழிக்குமுன் புதியதற்கு நகர்த்தாவிட்டால் கணக்குகளுக்குள்ளேயே நுழைய முடியாமல் போகலாம். பழைய கைப்பேசியைக் கொடுத்துவிடும் முன், ஒவ்வொரு கணக்கிலும் புதிய கருவியிலிருந்து ஒருமுறை நுழைந்து பார்த்துவிடுவது நல்லது.